நீரின் பயணமும் நமது ஏரிகளும்

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் நீரின் சுழற்சியை விளக்கும் படம் ஒன்று இருப்பது வழக்கம். ஒருபுறம் கடல், அதன்மேல் சூரியன், வானத்தில் மேகம், மறுபுறம் மலை, மலையினின்று இறங்கிக் கடலை நோக்கி ஓடும் ஆறு. படம் சரியானதே. ஆனால், காஞ்சிபுரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து வரும் சிறுவன் அதைப் பார்த்துவிட்டு, “ஐயா, இதில் நம் ஊர் ஏரி எங்கே?” என்று கேட்பானாயின் என்ன விடை சொல்வது? அவ்வினாவுக்கு விடை கூறும் கடமை ஆசிரியருக்கு மட்டும் உரியதன்று; பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் உரியது. ஏனெனில், கடல், மேகம், மலை ஆகியவை இயற்கை அமைத்தவை. ஏரி நம் முன்னோர் அமைத்தது. இயற்கையின் சக்கரத்தில் மனிதன் சேர்த்த ஆரக்கால் அது. அதைக் காப்பது நம் கையில் இருக்கிறது.

நீரின் பயணத்தை முதலிலிருந்து காண்போம். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லக்கூடிய முறையிலேயே அதைக் காண்பது நலம்.

நீர் ஆவியாதல்

துவைத்து உலர்த்திய வேட்டி ஒரு நாழிகையில் காய்ந்துவிடுகிறது. அதிலிருந்த நீர் எங்கே போயிற்று? மண்ணில் சொட்டியது சிறிதளவே. எஞ்சியது கண்ணுக்குப் புலப்படாத ஆவியாகிக் காற்றில் கலந்தது. ஏரியிலும் இவ்வாறே நிகழ்கிறது. கோடை நாளில் ஏரிப் பரப்பிலிருந்து ஒரே நாளில் அரை சென்டிமீட்டருக்கு மேல் நீர் ஆவியாகிப் போவதுண்டு. மரங்களும் பயிர்களும் வேரால் உறிஞ்சிய நீரை இலைகளின் வழியே ஆவியாக வெளியிடுகின்றன. எல்லாவற்றிலும் பெரிய பங்கு கடலுக்கு உரியது. உலகிலுள்ள நீரில் நூற்றுக்கு 97 பங்கு கடலிலேயே இருக்கிறது. அது உப்பு நீர். எஞ்சியுள்ள நன்னீரிலும் மூன்றில் இரண்டு பங்கு துருவங்களிலும் உயர்ந்த மலைகளிலும் பனிக்கட்டியாக உறைந்து கிடக்கிறது. கடல் நீர் ஆவியாகும்போது உப்பு கீழே தங்கிவிடுகிறது. உப்பளத்தில் நாம் காண்பது அதுவே. அதனாற்றான் கடலில் பிறந்த மழை நமக்குக் குடிநீராகிறது.

மேகம் திரளுதல்

ஆவி கலந்த காற்று வெப்பத்தால் இலேசாகி மேலே எழுகிறது. மேலே செல்லச் செல்லக் குளிர்ச்சி மிகுகிறது. ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 6 பாகை வெப்பம் குறைகிறது. குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஆவியைத் தாங்க இயலாது. ஆகவே ஆவி, காற்றிலுள்ள நுண்ணிய தூசுகளைப் பற்றிக்கொண்டு சிறுசிறு நீர்த்துளிகளாகிறது. அத்துளிகளின் கூட்டமே மேகம். குளிர்ந்த நீர் நிரப்பிய பித்தளைச் செம்பின் வெளிப்புறம் வியர்த்திருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டினால் இதை எளிதில் உணர்வர். செம்பிலிருந்து நீர் கசிந்து வெளிவரவில்லை. காற்றிலிருந்த ஆவியே குளிர்ந்து துளியாகியது. மேகத்துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துக் கனம் தாங்காமல் விழும்போது மழையாகிறது.

பருவங்கள் மாறுவது ஏன்?

பூமி நேராக நின்று சுழலவில்லை. சாய்ந்து சுழலும் பம்பரம் போல 23½ பாகை சாய்ந்தவண்ணம் சூரியனைச் சுற்றி வருகிறது. அதனால் ஆறு மாதம் வடபாதியும் ஆறு மாதம் தென்பாதியும் சூரியனை மிகுதியாக நோக்குகின்றன. பூமி சூரியனுக்கு அருகில் வருவதால் கோடை உண்டாகிறது என்று எண்ணுவோர் உளர், அது தவறு. உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது சனவரி மாதத் தொடக்கத்தில், நாம் மார்கழிப் பனியில் இருக்கும்போதுதான்.

காஞ்சிபுரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 12.8 பாகையில் இருக்கிறது. எனவே ஆண்டில் இருமுறை, ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்டு 19 வாக்கிலும், நண்பகலில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. அன்று பள்ளி முற்றத்தில் ஒரு கோலைச் செங்குத்தாக நட்டால் உச்சி வேளையில் அதற்கு நிழல் இராது. பிள்ளைகள் மறக்கமாட்டாத பாடம் அது. சூரியன் உச்சிக்கு வந்த பிறகும் நிலம் நாள்தோறும் வெப்பத்தைச் சேர்த்து வைப்பதால், வெயிலின் உச்சம் அதற்குப் பின், மே மாதத்து அக்கினி நட்சத்திரத்தில் காணப்படுகிறது.

நம் முன்னோர் ஆண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பருவங்களாக வகுத்தனர். ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம். மேலை நாட்டுப் புத்தகங்களில் காணும் நான்கு பருவங்களைவிட இவ்வாறு பருவங்களே நம் வயலுக்கும் வானுக்கும் பொருந்துவன என்பதைப் பிள்ளைகள் அறியவேண்டும்.

நமக்கு மழை வரும் வழி

நிலம் விரைவில் சூடேறும். கடல் மெல்லச் சூடேறும். கோடையில் இந்திய நிலப்பரப்பு காய்ந்து அதன்மேலுள்ள காற்று எழும்பும்போது, அவ்விடத்தை நிரப்ப அரபிக் கடல் பக்கமிருந்து ஈரக்காற்று வீசுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் இதுவே தென்மேற்குப் பருவக்காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டுமுன் அது தன் ஈரத்தில் பெரும்பகுதியைக் கேரளத்திலும் கன்னடக் கரையிலும் பொழிந்துவிடுகிறது. ஆயினும் காஞ்சிபுரம் வட்டாரம் அக்காலத்தில் முற்றும் வறண்டு போவதில்லை. பகலெல்லாம் காய்ந்த நிலத்தில், ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வங்கக் கடலிலிருந்து மாலையில் வரும் கடற்காற்றும் வந்து சேர, இடியுடன் கூடிய மழை பெய்கிறது. ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்பருவத்தில் கிடைக்கிறது.

அக்டோபர் மாதத்தில் காற்று திசை மாறுகிறது. வடக்கே ஆசியக் கண்டம் குளிர, அங்கிருந்து தெற்கு நோக்கி வரும் காற்று வங்கக் கடலைக் கடக்கும்போது ஈரத்தை முகந்துகொண்டு நம் கரையை அடைகிறது. இது வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் 20 வாக்கில் தொடங்கி டிசம்பர் இறுதி வரை நீடிக்கும். கடலில் தோன்றும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலங்களும் புயல்களும் மழையை மிகுவிக்கும். காஞ்சிபுரத்தின் ஆண்டு மழை ஏறக்குறைய 120 சென்டிமீட்டர். அதில் பாதிக்கு மேல் இம்மூன்று மாதங்களிலேயே பெய்துவிடுகிறது. ஆண்டின் 365 நாட்களில் மழை நாட்கள் ஐம்பது, அறுபதுக்கு மேல் இரா. அவற்றுள்ளும் சில நாட்களில் கொட்டித் தீர்க்கும் மழையே பெரும்பங்கு. இந்தச் சில நாள் மழையை எஞ்சிய முந்நூறு நாட்களுக்கு வைத்துக் காப்பது எவ்வாறு? அவ்வினாவுக்கு நம் முன்னோர் கண்ட விடையே ஏரி.

தறியும் வானமும்

மழையை எதிர்நோக்குவோர் விவசாயிகள் மட்டுமல்லர். காஞ்சிபுரத்து நெசவாளரின் வாழ்வும் வானத்தோடு பிணைந்தது. விடியற்காலையில் தெருவில் பாவை நீள விரித்துக் கஞ்சி ஏற்றி இழைகளைச் சீர் செய்யும் காட்சி காஞ்சியைக் கண்டோர் அறிந்ததே. காற்றில் ஈரம் மிகுந்தால் பாவு உலராது. மிகக் குறைந்தால் பட்டிழை அறுபடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குழித்தறியின் குழிக்குள் ஈரம் ஊறும். நீர் சுரந்துவிட்டால் தறி நின்றுபோகும். சாயத் தோய்ப்புக்கும் நல்ல நீர் வேண்டும். பட்டின் பளபளப்புக்குப் பாலாற்று நீரே காரணம் என்று பெரியோர் கூறுவது வழக்கம்.

இங்கு ஓர் ஒற்றுமையைக் காணலாம். பாலாறு கருநாடக மாநிலத்து நந்தி மலைப் பகுதியில் தோன்றுகிறது. காஞ்சித் தறிகளில் ஏறும் பட்டு நூலிலும் பெரும்பகுதி கருநாடகத்திலிருந்தே வருகிறது. நூலும் நீரும் ஒரே திசையிலிருந்து வந்து இவ்வூரை வாழ்விக்கின்றன.

மணலுக்குள் ஓடும் ஆறு

பாலாறு ஏறக்குறைய 348 கிலோமீட்டர் நீளமுடையது. அதில் 222 கிலோமீட்டர் தமிழகத்தில் ஓடிக் கல்பாக்கத்துக்கு அருகே வயலூரில் கடலோடு கலக்கிறது. காஞ்சியை ஒட்டி ஓடும் வேகவதியும், தெற்கிலிருந்து வரும் செய்யாறும் திருமுக்கூடலில் அதனுடன் கூடுகின்றன. ஆண்டின் பெரும்பகுதியில் அதில் மணலன்றி நீரைக் காண்பது அரிது. ஆனால் நீர் இல்லை என்று கொள்வது தவறு. நீர் மணலுக்கு அடியில் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது.

இதைக் கண்ணாரக் காட்டும் திருவிழா ஒன்று உண்டு. சித்திரை முழுநிலவன்று காஞ்சி வரதராசப் பெருமாள், ஊருக்குத் தெற்கே ஐயங்கார்குளத்திலுள்ள நடவாவிக் கிணற்றுக்கு எழுந்தருளுகிறார். படிகளில் இறங்கிச் செல்லும் அக்கிணற்றின் நீரை விழாவுக்கென முன்னதாகவே இறைத்துவிடுவர். பின்னர் பாலாற்று மணலில் பள்ளம் தோண்டி, அதில் நீர் சுரக்கும் இடத்தில் ஊறல் உற்சவம் நடைபெறுகிறது. கடுங்கோடையில், வறண்டதாகத் தோன்றும் ஆற்றில், தோண்டிய இடத்தில் ஊற்று! நிலத்தடி நீருக்கு இதைவிடச் சிறந்த பாடம் வேறு எது? பாலாற்றுப் பகுதி விவசாயிகள் இவ்வூற்றையே நம்பி, ஆற்றுப் படுகையில் ஊற்றுக் கால்வாய்கள் வெட்டி வயலுக்கு நீர் கொண்டுசென்றனர்.

மணலே அந்நீரைப் பிடித்து வைக்கும் பாத்திரம். மணல் போனால் பாத்திரம் போயிற்று. கரையோரக் கிணறுகளின் நீர்மட்டமும் அதனுடன் இறங்கும்.

ஏரி: அமைப்பும் பயனும்

தொண்டை நாட்டின் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே மெல்லச் சரிவது. சரிவின் குறுக்கே வளைந்த கரை எழுப்பி, மழைநீரையும் ஆற்றுக்கால் நீரையும் தடுத்து நிறுத்துவதே ஏரி. நீரைக் கொண்டுவரும் வரத்துக்கால், நீரைத் தாங்கும் கரை, வயலுக்கு நீர் விடும் மதகு, மிகுந்த நீரை வெளியேற்றும் கலங்கல் ஆகிய நான்கும் அதன் உறுப்புகள். மேல் ஏரியின் கலங்கலில் வழியும் நீர் கீழ் ஏரிக்கு வரவாகும். இவ்வாறு ஏரிகளும் தாங்கல்களும் சங்கிலிபோல் தொடர்ந்திருப்பதால், ஓர் ஊர் தன் வாய்க்காலை அடைத்தால் கீழுள்ள ஊர்கள் அனைத்தும் நட்டமடையும்.

இவ்வமைப்பு பழமையானது. பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்துக் கூரம் செப்பேடுகள், 7ஆம் நூற்றாண்டில் பரமேசுவர தடாகம் என்னும் ஏரிக்குப் பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்னும் கால் வழியே நீர் கொணர்ந்ததைக் கூறுகின்றன. கூரம் காஞ்சிக்கு அண்மையிலுள்ள சிற்றூர். மாமண்டூர் ஏரி, தென்னேரி, உத்திரமேரூர் ஏரி ஆகியவையும் அத்தகைய தொன்மை உடையவை.

சொர்ணவாரி, சம்பா, நவரை என இவ்வட்டாரம் கண்ட மூன்று போகங்களும் ஏரியின் கணக்கையே பின்பற்றின. பருவமழையில் சம்பா வளரும். மார்கழி, தையில் நிறைந்திருக்கும் ஏரியை நம்பி நவரை நடப்படும். கோடையில் எஞ்சிய நீருக்கும் கிணற்று நீருக்கும் ஏற்பச் சொர்ணவாரி. ஏரியில் நீர் நின்றால் சுற்றிலுமுள்ள கிணறுகளில் ஊற்று நிற்கும். ஆழ்குழாய்க் கிணறு இருப்பவருக்கு ஏரி எதற்கு என்போர் இதை எண்ணிப் பார்க்கவேண்டும். குழாய் நீரை எடுக்கும்; கொடுப்பது ஏரியே.

தூர்ந்த ஏரியால் வரும் நட்டத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 100 ஏக்கர் பரப்புள்ள ஏரியில் ஓர் அடி உயரம் வண்டல் படிந்தால், சுமார் 43½ லட்சம் கன அடி நீருக்கு இடமில்லாமற் போகிறது. நெல்லுக்கு ஒரு போகத்தில் ஏறக்குறைய 4 அடி உயர நீர் தேவை எனக் கொண்டால், 25 ஏக்கர் நெல் விளைச்சலை நாம் வண்டலுக்குக் கொடுத்துவிட்டோம் என்பது பொருள். அவ்வண்டலோ வயலுக்கு நல்ல எரு! இருக்கவேண்டிய இடத்தில் இல்லாமையால் அது இரட்டை நட்டமாகிறது.

உத்திரமேரூர் கற்பிப்பது

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் உலகப் புகழ் பெற்றவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டுக் குடவோலை முறையில் வாரியங்களுக்கு உறுப்பினர் தெரிந்தெடுக்கப்பட்டனர். அவற்றுள் ஒன்று ஏரி வாரியம். அதற்கு உறுப்பினர் அறுவர். வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தெரிந்தெடுக்கப்படத் தகுதியற்றவர் என்பது விதி. நிலமும் கல்வியும் உடைய ஆடவர்க்கே அன்று அவ்வுரிமை இருந்தது. இன்று ஆண், பெண், ஏழை, செல்வர் எவராயினும் ஊராட்சியில் அமரலாம். உரிமை விரிந்திருக்கிறது, ஏரியின் மீதுள்ள கருத்தும் அவ்வாறு விரிந்திருக்கிறதா என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ளவேண்டும்.

மாறிவரும் மழை

வானிலை வேறு, தட்பவெப்ப நிலை வேறு. இன்று மழை பெய்யுமா என்பது வானிலை. முப்பது ஆண்டுகள் அளந்து பார்த்துக் கூறும் பொது இயல்பே தட்பவெப்ப நிலை. நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் சேரும் கரியமில வாயு பூமியின் வெப்பத்தை உயர்த்தியிருக்கிறது. வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் காற்று ஏறக்குறைய நூற்றுக்கு 7 பங்கு மிகுதியான ஆவியைத் தாங்கும். ஆகவே பெய்யும்போது பெருமழையாகப் பெய்யும் வாய்ப்பு கூடுகிறது.

அண்மைக் காலத்து ஆண்டுகளை நினைவிற் கொள்வோம். 2015 டிசம்பர் 1ஆம் நாளையொட்டி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்து பெருவெள்ளம் சூழ்ந்தது. அடுத்த ஆண்டே, 2016இல், தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை வழக்கமான அளவினும் நூற்றுக்கு 62 பங்கு குறைந்தது. 2019 கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டன. அதே ஆண்டு ஜூலை 1 முதல் 48 நாட்கள் காஞ்சியில் அத்திவரதர் தரிசனம் நடைபெற்றது. 1979க்குப் பின் 40 ஆண்டுகள் கழித்து அனந்தசரசுத் திருக்குளத்து நீரை இறைத்துத் திருவுருவை வெளிக்கொணர்ந்தனர். பிறகு 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் புரளப் பெருகியது. ஏழு ஆண்டுகளுக்குள் இரு வெள்ளம், ஒரு கடும் வறட்சி! ஒரே ஏரி வெள்ளத்தைத் தாங்கவும் வறட்சியைப் போக்கவும் வேண்டியிருக்கிறது. தூர்ந்த ஏரியால் இவ்விரண்டும் இயலா. வரத்துக்கால் அடைபட்டால் ஏரிக்கு நீர் வராது. கலங்கலுக்குக் கீழுள்ள வாய்க்கால் அடைபட்டால் வெள்ளம் வீட்டுக்குள் வரும்.

நாம் செய்யத்தக்கவை

ஏரிப் பராமரிப்பில் ஊரார் பங்கேற்கும் குடிமராமத்து நம் நாட்டில் நெடுங்காலமாக நிலவிய வழக்கம். அப்பெயரிலேயே தமிழக அரசு 2017இல் திட்டமொன்றைத் தொடங்கியது. 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுடைய ஏரிகள் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பிலும், பெரியவை நீர்வளத் துறையின் பொறுப்பிலும் உள்ளன. யார் பொறுப்பாயினும், ஊரார் கண்ணும் கையும் இன்றி ஏரி நிலைக்காது. பின்வருவனவற்றை ஒவ்வோர் ஊராட்சியும் மேற்கொள்ளலாம்.

1. மார்ச்சு 22 உலகத் தண்ணீர் நாள் கிராம சபையில் ஏரி, தாங்கல், குட்டை, வரத்துக்கால் ஆகியவற்றின் நிலையை ஊரார் முன் படித்துக் காட்டுக. கோடையிலேயே வேலையைத் தொடங்க அது உதவும்.

2. ஏரி வற்றியிருக்கும் மாதங்களில், முறைப்படி அனுமதி பெற்று வண்டலை எடுத்து வயலில் இடுக. கரையை ஒட்டித் தோண்டலாகாது, கரை வலுவிழக்கும்.

3. அக்டோபர் 2 கிராம சபைக்கு முன் வரத்துக்கால்களில் முட்புதர் நீக்கி, மதகுகளையும் கலங்கலையும் பார்வையிடுக. பருவமழை தொடங்க அதன்பின் மூன்று வாரங்களே உள்ளன.

4. ஏரிப் பரப்பிலும் கால்வாயிலும் ஆக்கிரமிப்பு இருப்பின், 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதிகாரிகளுக்கு உடனே தெரிவிக்க. ஆக்கிரமித்தவர் நம் உறவினராயினும் தயங்கலாகாது. உத்திரமேரூர் கல்வெட்டின் கருத்தும் அதுவே.

5. வீட்டுக்கூரை மழைநீரைச் சேமிக்கும் முறை 2003 முதல் தமிழகத்தில் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. 600 சதுர அடிக் கூரையில் ஆண்டில் விழும் மழை ஏறத்தாழ 67,000 லிட்டர். வடிகட்டும் குழியில் மணலையும் சரளையையும் ஆண்டுக்கொருமுறை கழுவி இடவேண்டும். இல்லையேல் குழி பெயரளவில் மட்டுமே இருக்கும்.

6. பள்ளியில் மழைமானி ஒன்று அமைத்து, பிள்ளைகளைக் கொண்டு நாள்தோறும் காலை 8½ மணிக்கு அளவைக் குறிக்கச் செய்க. பக்கங்கள் நேராகவும் அடி தட்டையாகவும் உள்ள பாத்திரமும் ஓர் அளவுகோலும் போதும். ஓர் ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்பது சுமார் 40,000 லிட்டர் நீர் என்று அவர்களே கணக்கிடட்டும். அக்குறிப்பை ஊராட்சி அலுவலகத்தில் எழுதி வைத்தால் விவசாயிகளுக்கும் பயன்படும்.

கடலில் எழுந்த ஆவி, மேகமாகி, நம் ஊர்மீது மழையாகி விழுகிறது. அதுவரை இயற்கையின் வேலை. விழுந்த நீர் வீணே கடலுக்குத் திரும்புவதா, சில மாதம் நம்மிடம் தங்கி நெல்லையும் கிணற்றையும் தறியையும் வாழ்வித்துவிட்டுச் செல்வதா என்பது நம் வேலை. அடுத்த முறை பாடப் புத்தகத்தின் படத்தைப் பிள்ளைகள் வரையும்போது, மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு கரையும் மதகும் கலங்கலும் வரையச் சொல்வோம். அவர்கள் வரைந்த ஏரியில் நீர் இருக்கும். ஊரில் உள்ள ஏரியிலும் நீர் இருக்குமாறு செய்வது பெரியவர்களாகிய நம் கடமை.